குவாண்ட் வேலைக்கு எந்தப் பட்டம்? சேலத்திலிருந்து ஒரு கணக்குப் பார்வை

கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளையை என்ன படிக்க வைப்பது என்ற கேள்விக்குச் சேலத்தில் நெடுங்காலமாக ஒரே விடைதான் இருந்தது. கட் ஆஃப் பார், கவுன்சலிங் போ, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு. இப்போது அதே வீடுகளில் வேறொரு கேள்வியும் எழுகிறது. பங்குச் சந்தையில் கணிதத்தை வைத்து வேலை பார்க்கிறார்களாமே, குவாண்ட் என்கிறார்களே, தொடக்கச் சம்பளமே மலைக்க வைக்கிறதே, அதற்கு என்ன படிக்க வேண்டும்? ப்ளஸ் டூ மாணவர்களுக்குக் கணிதம் சொல்லித்தருபவன் என்பதால் என்னிடம் இது அடிக்கடி வருகிறது. ஐந்து ரோட்டைச் சுற்றித் தொங்கும் பயிற்சி மையப் பலகைகளில் இதற்கு விடை இல்லை. ஆகவே இருக்கிற வழிகளை எடுத்துப்போட்டு ஒன்றோடொன்று ஒப்பிடுகிறேன். எனக்கென்று ஒரு சாய்வு உண்டு, அதை மறைக்கப் போவதில்லை.

முதலில் வேலை என்னவென்று தெளிவு வேண்டும். கைப்பேசியில் டீமேட் கணக்குத் திறந்து நிஃப்டி ஆப்ஷனில் பணம் போடுவது குவாண்ட் வேலை அல்ல. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) என்னும் ஒப்பந்த வர்த்தகத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. லாபம் பார்த்த பெரிய நிறுவனங்கள் அதில் மிகப் பெரும் பகுதியை, கணினி தானாக வாங்கி விற்கும் அல்காரிதம் மூலமே ஈட்டின என்பதையும் அதே ஆய்வு காட்டியது. அந்த அல்காரிதங்களுக்குப் பின்னால் இருப்பவர்கள்தாம் குவாண்டுகள்.

நம் ஊரை வைத்தே சொல்லிவிடலாம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் காலையில் வெள்ளி விலை பார்த்துவிட்டுத்தான் உருக்கப் போகிறார். அந்த விலை நகரும் எம்.சி.எக்ஸ். என்ற பண்டகச் சந்தையில் வெள்ளிக்கு 30 கிலோ ஒப்பந்தம் உண்டு, 5 கிலோ மினி உண்டு, 1 கிலோ மைக்ரோ உண்டு. முதிர்வுத் தேதிகள் வேறுபட்டாலும் மூன்றும் ஒரே உலோகத்தைப் பற்றியவை. இவற்றின் விலைகளுக்கு இடையே ஒரு நியாயமான இடைவெளி இருக்க வேண்டும். அது எவ்வளவு என்று கணித மாதிரி (மாடல்) கட்டுபவர் ரிசர்ச்சர். இடைவெளி பிசகும் கணத்தில் வாங்கி விற்கும் நிரலை, நொடியின் மிகச் சிறு பங்கில் ஓடும்படி எழுதுபவர் டெவலப்பர். இன்று எவ்வளவு துணியலாம், எப்போது நிறுத்தலாம் என்று முடிவெடுப்பவர் டிரேடர். நான்காவதாக, வங்கிகளில் இந்த மாதிரிகளெல்லாம் சரிதானா என்று சோதித்து, இடர் எவ்வளவு என்று அளக்கும் ஒரு கூட்டமும் உண்டு. சம்பளம் முதல் மூவருக்கு நிகராக வராது. ஆனால் வேலைகளின் எண்ணிக்கை இங்கேதான் அதிகம். மும்பை, குருகிராம் நகரங்களில் வர்த்தக நிறுவனங்கள், ஐதராபாத்தில் டி.இ. ஷா, பெங்களூரில் கோல்ட்மேன் சாக்ஸ் போன்ற வங்கிகளின் பெரிய அலுவலகங்கள் என்று இந்தியாவிலேயே இந்த வேலைகள் இருக்கின்றன.

இவர்கள் ஆள் எடுக்கும்போது எதைச் சோதிக்கிறார்கள் என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். நேர்காணலில் இந்த வகைக் கேள்வி வரும்: ஒரு பகடையை உருட்டு, விழும் எண் எத்தனையோ அத்தனை ரூபாய் உனக்கு. பிடிக்கவில்லை என்றால் ஒரே ஒரு முறை திரும்ப உருட்டலாம், ஆனால் இரண்டாவது எண்ணைத்தான் ஏற்க வேண்டும். இந்த ஆட்டத்தில் சேர அதிகபட்சம் எவ்வளவு கட்டுவாய்?

ஒரு உருட்டலின் சராசரி 3.5. ஆகவே முதலில் 4, 5, 6 விழுந்தால் வைத்துக்கொள்ள வேண்டும், 1, 2, 3 விழுந்தால் திரும்ப உருட்ட வேண்டும். பாதி வாய்ப்பில் சராசரி 5, மீதிப் பாதியில் 3.5. விடை 4.25. பதினோராம் வகுப்புப் பிள்ளை இதைப் போட்டுவிடும். கேள்வி அங்கே நிற்காது. மூன்று உருட்டல் என்றால்? இப்போது முதலில் 4 விழுந்தால்கூட விட்டுவிட வேண்டும், ஏனென்றால் மீதமிருக்கும் இரண்டு உருட்டலின் மதிப்பே 4.25. கணக்குப் போட்டால் விடை ஏறத்தாழ 4.67. திரும்ப உருட்டுவதற்குக் கட்டணம் வைத்தால்? பகடையே நேர்மையானதா என்று தெரியாவிட்டால், அதைக் கண்டுபிடிக்க எத்தனை முறை உருட்டிப் பார்ப்பாய்? கேள்வி நீளும்போது சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர் ஓரிடத்தில் நின்றுவிடுவார். அவர் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பதுதான் நேர்காணல்.

ஆகவே சரக்கு இதுதான்: நிகழ்தகவு, புள்ளியியல், நேரியல் இயற்கணிதம், அவற்றோடு பைத்தானிலோ சி பிளஸ் பிளஸிலோ பிழையில்லாமல் நிரல் எழுதும் கை. பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிவது நல்லதுதான், அதை வேலையில் சேர்ந்து சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம்.

இதனால்தான் பெயரிலேயே நிதி இருக்கும் பட்டங்களை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். பி.பி.ஏ. ஃபைனான்ஸ், பி.காம். ஃபின்டெக், கேபிடல் மார்க்கெட்ஸ் என்று தனியார் கல்லூரிகள் ஆண்டுதோறும் புதுப்புதுப் பெயர் வைக்கின்றன. மூட்டை மேல் அச்சடித்த பெயரைப் பார்த்து ஜவ்வரிசி வாங்கும் வியாபாரி சேலத்தில் இல்லை, கையில் அள்ளிப் பார்ப்பார். பாடத்திட்டத்தையும் அப்படித்தான் அள்ளிப் பார்க்க வேண்டும். மூன்று ஆண்டுகளில் நிகழ்தகவுக்கு எத்தனை தாள், நிரலாக்கத்துக்கு எத்தனை தாள் என்று எண்ணிப் பாருங்கள். வேறு வேலைகளுக்கு அந்தப் பட்டங்கள் உதவலாம், இந்த வேலைக்கு உதவா. ஜிம் சைமன்ஸ் வடிவியல் ஆய்வாளராக இருந்து 1978-இல் சந்தைக்கு வந்தவர். அவர் கட்டிய ரெனைசான்ஸ் நிறுவனம் கணிதம், இயற்பியல், பேச்சுணர் கணினி ஆய்வு ஆகிய துறைகளிலிருந்து ஆள் சேர்த்தது. நிதித் துறையில் பழுத்தவர்களை அவர் தேடவில்லை.

மிச்ச வழிகளை அளக்க எனக்கு மூன்று அளவுகோல்கள். கணிதம் எவ்வளவு ஆழமாகக் கிடைக்கும்? நிறுவனங்கள் அந்த வளாகத்துக்கு வந்து ஆள் எடுக்குமா? குவாண்ட் ஆகாவிட்டால் அந்தப் பட்டம் எதற்கு உதவும்? முதலிரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். மூன்றாவதைப் பெற்றோர் கேட்பார்கள், பிள்ளைகள் கேட்கவே மாட்டார்கள்.

ஐ.எஸ்.ஐ., சி.எம்.ஐ.

எங்கள் பக்கத்தில் அதிகம் பேருக்குத் தெரியாத, ஆனால் தெரிந்தே ஆக வேண்டிய இரண்டு நிறுவனங்கள் இவை. இந்தியப் புள்ளியியல் நிறுவனம் 1931-இல் மகலனோபிஸ் கொல்கத்தாவில் தொடங்கியது. பி.ஸ்டாட். படிப்பு கொல்கத்தாவில், பி.மேத். படிப்பு பெங்களூரில். கல்விக் கட்டணம் இல்லை. இந்த இரு படிப்புகளிலும் மாணவருக்கே மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை கொடுக்கிறார்கள், மதிப்பெண் சரியாக இருக்கும் வரை. இதைச் சொன்னால் சேலத்தில் சிலர் நம்புவதில்லை. எல்.கே.ஜி.க்கே நன்கொடை கட்டிப் பழகியவர்களுக்கு, காசு கொடுத்துப் படிக்க வைக்கும் கல்லூரி சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

சென்னை கணிதவியல் கழகம் என்னும் சி.எம்.ஐ., பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரியில் இருக்கிறது. சி.எஸ். சேஷாத்ரி 1989-இல் தொடங்கியது. கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. ஹானர்ஸ் அங்கே இருக்கிறது. குவாண்ட் வேலைக்கு வேண்டிய இரண்டு கால்களும் அந்தப் பட்டத்தின் பெயரிலேயே இருக்கின்றன. இங்கே கட்டணமும் உண்டு, உதவியும் உண்டு. அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டுக்கும் தனி நுழைவுத் தேர்வு. ஜே.இ.இ.யோ ப்ளஸ் டூ மதிப்பெண்ணோ இங்கே ரேங்க் போடாது. தேர்வில் ஒரு பகுதி விடை தேர்ந்தெடுப்பது, மறுபகுதி விளக்கி எழுதுவது. நம் பிள்ளைகள் தடுமாறுவது மறுபகுதியில்தான். அது எந்த வகை என்று காட்ட ஒரு கணக்கு. திருமண மண்டபத்தில் இருபது பேர் இருக்கிறார்கள். யார் யாரோடு வேண்டுமானாலும் கை குலுக்கிக்கொள்ளலாம், ஒரே ஆளோடு இரண்டு முறை கூடாது. எப்படிக் குலுக்கினாலும் குறைந்தது இரண்டு பேர் ஒரே எண்ணிக்கையில் கை குலுக்கியிருப்பார்கள் என்று நிறுவு.

இதற்குச் சூத்திரம் கிடையாது. ஒருவரின் எண்ணிக்கை 0 முதல் 19 வரை எதுவாகவும் இருக்கலாம். இருபது பேருக்கும் வெவ்வேறு எண்ணிக்கை என்றால் ஒருவருக்கு 0, ஒருவருக்கு 19 வந்தே தீர வேண்டும். 19 பேரோடு குலுக்கியவர் எல்லாரோடும் குலுக்கியிருக்கிறார். அப்படியானால் யாரோடும் குலுக்காதவர் அந்த மண்டபத்தில் இருக்க முடியாது. முடிந்தது. நான்கு வரி. இந்த நான்கு வரியைப் பார்த்ததும் கண் விரியும் பிள்ளைக்கு இந்த நிறுவனங்கள் சொர்க்கம். "இது பரீட்சையில் எத்தனை மார்க் சார்?" என்று கேட்கும் பிள்ளையை அனுப்பாதீர்கள், வதைபடும். மதிப்பெண் 100 இரண்டு பேருக்கும் வந்திருக்கும் என்பதுதான் சிக்கல். சேலம், நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகள் பலவற்றில் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே திருப்பித் திருப்பி எழுத வைப்பது ஒரு காலத்தில் கலையாகவே வளர்ந்திருந்தது. அதிலிருந்து வரும் நூற்றுக்கு நூறு இந்த வாசலில் செல்லாது.

முதல் அளவுகோலில் இவற்றுக்கு மேல் எதுவும் இல்லை. புள்ளியியல் மேதை சி.ஆர். ராவ் முதல் வரதன் வரை பெயர்களே சாட்சி. எஸ்.ஆர். சீனிவாச வரதன் சென்னையில் 1940-இல் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்து, ஐ.எஸ்.ஐ.யில் சி.ஆர். ராவிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்து, நியூயார்க் கூராண்ட் நிறுவனத்துக்குப் போனவர். 2007-இல் ஏபெல் பரிசு பெற்றார். அவர் வேலை செய்த நிகழ்தகவுக் கோட்பாடும் பரவல் செயல்முறைகளும்தான் இன்று ஆப்ஷன் விலைக் கணக்கு நிற்கும் தரை.

இரண்டாவது அளவுகோலில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பட்டம் முடித்த கையோடு பெரும்பாலோர் மேற்படிப்புக்குத்தான் போகிறார்கள், வளாகத்தின் மனநிலையே அது. ஐ.எஸ்.ஐ.யில் வேலைவாய்ப்புக்கு எம்.ஸ்டாட். என்னும் முதுநிலைப் படிப்பை முடிப்பவர்களுக்குத்தான் அதிக மதிப்பு. ஆகவே ஐந்தாறு ஆண்டுக் கணக்காகவே இதை நினைக்க வேண்டும். குவாண்ட் ஆகாவிட்டால்? ஆராய்ச்சி, தரவு அறிவியல், வங்கி இடர்த் துறை, கற்பித்தல் என்று வழிகள் தாராளம். இடங்கள் மிகக் குறைவு என்பது ஒன்றே பெரிய குறை.

ஐ.ஐ.டி.

வாசல் என்று பார்த்தால் இதற்கு இணை இல்லை. பெரிய வர்த்தக நிறுவனங்கள் டிசம்பர் முதல் நாட்களில் வரிசையாக வந்து நிற்பது பழைய ஐ.ஐ.டி.களின் வளாகத்தில்தான். மெட்ராஸ் ஐ.ஐ.டி.யில் பி.டெக். மாணவர்கள் ஐந்தாண்டு இரட்டைப் பட்டமாக மாறிக்கொள்ளக்கூடிய துறைகளில் குவான்டிடேட்டிவ் ஃபைனான்ஸும் ஒன்று. டெல்லியில் கணிதமும் கணினியும் சேர்ந்த பட்டம், கான்பூரில் புள்ளியியலும் தரவு அறிவியலும், பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் 2022-இல் தொடங்கிய கணிதம்-கணினி பி.டெக். என்று ஜே.இ.இ. அட்வான்ஸ்டு ரேங்க் வழியே திறக்கும் பட்டங்கள் பெருகியிருக்கின்றன. நிதியைப் பெயரில் வைத்த பட்டங்களில் நான் ஒதுக்காத ஒன்று மெட்ராஸ் ஐ.ஐ.டி.யுடையது. அது நல்ல பொறியியல் அடித்தளத்தின் மேல் ஏறுவதால்.

கட்டணத்தைப் பார்த்து மிரள வேண்டாம். பி.டெக்.குக்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் 2 லட்சம். பட்டியலின, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு முழு விலக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குக் கீழ் என்றாலும் முழு விலக்கு, 1 முதல் 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. உண்மையான செலவு அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுப் பயிற்சிக்குத்தான். ஜே.இ.இ. மெயின் தமிழிலும் எழுதலாம், அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. மெயினில் தேறி அட்வான்ஸ்டு எழுதத் தகுதி பெறுபவர்களே ஏறத்தாழ இரண்டரை லட்சம். மெட்ராஸில் கணினி அறிவியல் கிடைக்க சில நூறுக்குள் ரேங்க் வேண்டும்.

அதுவும் வேதியியலும் இயற்பியலும் சம பங்கு. கணிதத்தில் மட்டும் பித்துப் பிடித்த பிள்ளையை இந்த ஓட்டம் இழுத்துக் களைக்க வைத்துவிடும். நான் பார்த்த நல்ல கணித மூளைகள் சில, கரிம வேதியியலில் மாட்டிக்கொண்டு தங்களையே மட்டம் என்று முடிவு கட்டிக்கொண்டன. மூன்று பாடமும் இயல்பாக வருகிறதா, ஐ.ஐ.டி.க்கு முயலட்டும். கணிதம் மட்டும்தான் என்றால் முந்தைய பகுதியைத் திரும்பப் படியுங்கள். துறை பெரிதா நிறுவனம் பெரிதா என்ற வழக்கமான சண்டையில், இந்த ஒரு வேலையைப் பொறுத்தவரை நான் நிறுவனத்தின் பக்கம். ஐ.ஐ.டி.யில் உலோகவியல் படித்துக்கொண்டே நிகழ்தகவும் நிரலாக்கமும் கற்றவருக்கு, பெயர் தெரியாத கல்லூரியில் கணினி அறிவியல் படித்தவரைவிட வாசல் பக்கத்தில் இருக்கிறது.

கவுன்சலிங் வழி

தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கை எல்லாருக்கும் தெரிந்ததே. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50, மொத்தம் 200. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் கிடைக்க அந்த 200-ஐ ஒட்டி நிற்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, அவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கருப்பூரில் 1966 முதல் நம் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது.

இந்த வழியில் கிடைப்பது நல்ல நிரலாளர். நிகழ்தகவுக்கு ஒரு செமஸ்டர் தாள் வரும், அதுவும் பெரும்பாலும் தேர்வுக்கு முதல் வாரம் படிக்கப்படும் தாள். ஆகவே இங்கிருந்து ரிசர்ச்சர் ஆவது கடினம், டெவலப்பர் ஆவது நடக்கக்கூடியது. அதற்கும் வளாகத்துக்கு நிறுவனம் வரும் என்று காத்திருக்கக் கூடாது. கோட்ஃபோர்சஸ் போன்ற தளங்களில் போட்டி நிரலாக்கம், சி பிளஸ் பிளஸில் ஆழம், இயங்குதளமும் நெட்வொர்க்கும் எப்படி ஓடுகின்றன என்ற புரிதல், இவற்றைத் தானாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது அளவுகோலில் இதுதான் முதலிடம். குவாண்ட் கிடைக்காவிட்டால் மென்பொருள் வேலை இருக்கிறது. அந்த நிம்மதிக்கு விலை உண்டு என்பதை நடுத்தரக் குடும்பங்கள் அறியும்.

கோவை

சேலத்திலிருந்து ரயிலேறினால் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. படிப்புகள் இருக்கின்றன: பயன்பாட்டுக் கணிதம், கோட்பாட்டுக் கணினி அறிவியல், தரவு அறிவியல். கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியான சி.ஐ.டி.யில் முடிவெடுத்தல் மற்றும் கணிப்பியல் என்ற ஐந்தாண்டுப் படிப்பு இருக்கிறது. பொறியியல் பட்டம் இல்லையே என்று நம்மவர்கள் முகம் சுளிக்கும் இந்தப் படிப்புகள்தாம், நுழைவுத் தேர்வில் தவறிய கணிதப் பிள்ளைக்கு நான் அடுத்துக் காட்டும் இடம். கணிதமும் நிரலாக்கமும் ஐந்து ஆண்டு ஒன்றாக ஓடும். முடிக்கும்போது கையில் முதுநிலைப் பட்டம். வர்த்தக நிறுவனங்களின் வாசல் இங்கே அகலமாகத் திறந்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன். வங்கிகளின் இடர், மாதிரிச் சோதனைப் பிரிவுகளும் மென்பொருள் நிறுவனங்களும்தான் எட்டும் தூரத்தில் இருப்பவை.

ஊரிலேயே படிப்பது

இதைப் பலர் தோல்வி என்று நினைக்கிறார்கள். நான் நினைப்பதில்லை, ஆனால் இதில் மாணவர் தானே ஓட வேண்டிய தூரம் அதிகம். சேலம் அரசு கலைக் கல்லூரி 1857-இல் தொடங்கியது, பெண்களுக்குத் தனி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, கட்டணம் பெயருக்குத்தான். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பி.எஸ்சி. கணிதமோ புள்ளியியலோ எடுக்கலாம். இரண்டும் கிடைக்குமானால் இந்த வேலைக்குப் புள்ளியியல்.

இதோடு மெட்ராஸ் ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய இணையவழி பி.எஸ். தரவு அறிவியலைச் சேர்த்துப் படிக்கலாம். ஜே.இ.இ. தேவையில்லை, அவர்களே நடத்தும் தகுதிச் சுற்றில் தேறினால் போதும். முதல் நிலையிலேயே கணிதம், புள்ளியியல், பைத்தான் எல்லாம் வந்துவிடும். முழுப் பட்டம் வரை போக முடியாவிட்டால் டிப்ளோமாவோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யு.ஜி.சி. 2022 முதல் அனுமதிக்கிறது. ஒன்றை மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்: இணையவழிப் பட்டம் படித்தால் ஐ.ஐ.டி. வளாக வேலைவாய்ப்பு வரிசையில் பி.டெக். மாணவரோடு நிற்கலாம் என்று நினைக்காதீர்கள். கிடைப்பது கல்வி, அந்த வாசல் அல்ல.

மூன்றாம் ஆண்டில், ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வில் கணிதப் புள்ளியியல் தாளையும் ஐ.எஸ்.ஐ.யின் எம்.ஸ்டாட். நுழைவுத் தேர்வையும் எழுதலாம். ஜாம் வழியே கான்பூர், பம்பாய் ஐ.ஐ.டி.களில் புள்ளியியல் எம்.எஸ்சி. கிடைத்தால், பதினெட்டு வயதில் மூடிய வாசல் இருபத்தொன்றில் திறக்கிறது. தமிழ் வழியில் படித்து, ஆங்கிலத்துக்கும் நிரலாக்கத்துக்கும் கொஞ்சம் அவகாசம் தேவைப்படும் பிள்ளைக்கு இந்த மூன்று ஆண்டு வீண் அல்ல. ஆனால் வகுப்பில் யாரும் ஜாம் பேச்சே எடுக்காத சூழலில், தனியாக உட்கார்ந்து படிக்கும் பிடிவாதம் வேண்டும். அது இல்லையென்றால் கோவையில் விடுதிச் செலவு செய்துவிடுவது மேல்.

வெளிநாட்டு இளநிலைப் பட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடன் வாங்கிப் போவதானால் முதுநிலைக்குப் போகலாம், இளநிலைக்கு வேண்டாம். காப்பீட்டில் இடரைக் கணக்கிடும் ஆக்சுவரி ஆவதற்கான தேர்வுகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எந்தக் கணிதப் பட்டம் படித்தாலும் கூடவே எழுதக்கூடியவை, காப்பீட்டுத் துறையில் நிலையான வேலை தருபவை. குவாண்ட் ஆகாவிட்டால் என்ன என்ற கேள்விக்கு நல்ல விடைகளில் ஒன்று.

அந்தக் கேள்வியை நான் விடாமல் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஓரிடத்தில் சில பேரை மட்டும் எடுக்கும் தொழில் இது. விதிகள் மாறினால் ஆட்டமும் மாறும். 2025 ஜூலையில் செபி, ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க நிறுவனம் வங்கி நிஃப்டி குறியீட்டை வளைத்ததாகக் கூறி, 4,843 கோடி ரூபாயைப் பிடித்துவைக்கும் இடைக்கால ஆணை பிறப்பித்தது. நிறுவனம் அதை மறுத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒரு ஆணை ஒரு துறையையே ஒரு வாரம் தலைப்புச் செய்தியாக்கும் இடத்தில், பதினேழு வயதுப் பிள்ளையின் எல்லாப் பணத்தையும் ஒரே எண்ணில் கட்டக் கூடாது.

இனி யாருக்கு எது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாணவி. அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறை. வெள்ளி விலையை நோட்டில் எழுதி வரைபடம் போட்டுப் பார்க்கும் பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே. கைகுலுக்கல் கணக்கைக் கொடுத்தபோது விடை சொல்லிவிட்டு, "ஒருத்தர் யாரோடும் குலுக்கலை, அவரை வெளியே அனுப்பிட்டா என்ன ஆகும் சார்?" என்று கேட்டாள். அவளுக்கு முதலில் ஐ.எஸ்.ஐ., சி.எம்.ஐ., இரண்டும் தவறினால் பி.எஸ்.ஜி. ஜே.இ.இ. பயிற்சியில் சேர்க்க வேண்டாம் என்று அவள் அப்பாவிடம் சொன்னேன். "பொம்பளைப் பிள்ளை கொல்கத்தாவுக்கா?" என்றார். பெங்களூரும் சிறுசேரியும் இருக்கின்றன என்றேன்.

ஏற்காட்டில் ஒரு மாணவன். அப்பா காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதுபவர், ஏற்காட்டு அராபிகாவின் விலை நியூயார்க் சந்தையைப் பார்த்து ஏறி இறங்குவதை மகனுக்குச் சொல்லித்தந்தவர். பையன் அரசுப் பள்ளி, தமிழ் வழி, நிரல் எழுதுவதில் ஆசை, நிறுவல் கணக்குகளில் பொறுமை இல்லை. அவனுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கிடைக்கிற நல்ல அரசுக் கல்லூரியில் கணினி அறிவியல். வீட்டுக்குச் செலவில்லை, டெவலப்பர் வழி திறந்தே இருக்கிறது. அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

தயங்குவது ஒரே ஒரு இடத்தில்தான்: கிண்டியில் கணினி அறிவியலும் சி.எம்.ஐ.யும் இரண்டும் கிடைத்த பிள்ளை. பாதுகாப்பு கிண்டியில், ஆழம் சிறுசேரியில். வீட்டில் கடன் இருந்தால் கிண்டி. இல்லையென்றால் நான் சிறுசேரிக்குத்தான் அனுப்புவேன். நிரலாக்கத்தை இருபத்தைந்து வயதிலும் தேற்றிக்கொள்ளலாம், விட்டுப்போன கணிதத்தை அந்த வயதில் உட்கார்ந்து படித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

தேதிகளை மட்டும் தவறவிடாதீர்கள். ஐ.எஸ்.ஐ., சி.எம்.ஐ. விண்ணப்பங்கள் ப்ளஸ் டூ பொதுத்தேர்வு நடக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களை ஒட்டியே வரும், தேர்வு மே மாதம். ரிசல்ட் வந்த பிறகு யோசிக்கலாம் என்று இருந்தால் கையில் மிஞ்சுவது கவுன்சலிங் மட்டும்தான். கணித ஒலிம்பியாடின் முதல் சுற்று இன்னும் முன்னதாகவே நடந்துவிடும். தேசிய அளவில் தேறியவர்களுக்கு இந்த இரு நிறுவனங்களும் சேர்க்கையில் தனி வழி வைத்திருக்கின்றன. ஆகவே பத்தாம் வகுப்பு விடுமுறையில் பிள்ளை இருக்கும் வீட்டார் இதைப் படித்தால், இப்போதே தொடங்கலாம். பழைய நுழைவுத் தேர்வு வினாத்தாள்கள் இரு நிறுவனங்களின் இணையதளங்களிலும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றை அச்செடுத்து, விளக்கி எழுதும் பகுதியிலிருந்து ஒரு கணக்கைப் பிள்ளையின் முன் வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் யாரும் பேசாமல் இருங்கள். விடை வராவிட்டாலும் பரவாயில்லை, சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வருகிறதா என்று பாருங்கள்.